மெயில் ஐடிக்கு ஞானத்தகப்பன்

பெரு நாட்டு மலையூரான எங்கள் ஹவுஹாவில் யாரைக் கேட்டாலும் ஹெர்மிலியோ காமரேனாவின் பிரவுசிங் சென்டருக்கு வழி சொல்வார்கள். சொல்லிவிட்டு, ஆனால் அவர் அங்கே இருக்க மாட்டார் என்றும் சேர்த்துச் சொல்வார்கள். யார் வீட்டு விருந்திலாவது இருப்பார். நாற்பதை எட்டிக்கொண்டிருந்த ஒரு பிரம்மச்சாரி வாரத்தில் பாதி நாள் அடுத்தவர் வீட்டில் கை நனைத்தார் என்றால் அதற்குக் காரணம் அவருடைய அழகோ பேச்சோ அல்ல. ஊரில் பாதிப் பேருக்கு அவர் ஞானத்தகப்பன். பிள்ளைகளுக்கு அல்ல, மெயில் ஐடிகளுக்கு.

இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. எங்கள் பள்ளத்தாக்கில் எதற்கும் ஒரு ஞானத்தகப்பன் வேண்டும். பிள்ளைக்கு ஞானஸ்நானத்துக்கு ஒருவர், அதே பிள்ளைக்கு முதல் முடி வெட்ட இன்னொருவர். வீட்டுக்குக் கூரை போட்டால் கூரைக்கு ஒருவர். கால்பந்து அணிக்குப் புதுச் சட்டை எடுத்தால் சட்டைக்கு ஒருவர். கல்யாணத்தில் கேக்குக்கு ஒருவர், மேளதாளத்துக்கு ஒருவர், பீருக்கு ஒருவர். பீருக்கு ஆள் கிடைக்காமல் தள்ளிப்போன கல்யாணங்கள் உண்டு. ஞானத்தகப்பன் ஆனவர் அன்றோடு சொந்தக்காரர். விசேஷத்துக்குப் பரிசோடு வர வேண்டும்; வந்தால் முதல் தட்டு அவருக்கு. சண்டை என்றால் நடுவில் நிற்க வேண்டும். பெண் கேட்டு யாராவது வந்தால் அவரும் சம்மதம் சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் இன்டர்நெட்டை மட்டும் அநாதையாக விட்டுவிட முடியுமா?

தொடங்கி வைத்தது கசாப்புக்கடை அபுண்டியோ. ஹெர்மிலியோ லிமாவில் வேலை பார்த்து அலுத்துப்போய், ஆறு பழைய கம்ப்யூட்டர்களை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வந்து, சந்தைக்குப் பின்னால் கடை திறந்த புதிது. புத்தாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அபுண்டியோவின் மகன்கள் ஸ்பெயினில் இருந்தார்கள். அவர்களுக்கு எழுத அவருக்கு ஒரு மெயில் ஐடி வேண்டும். திரை பெயர் கேட்டது. தன் பெயரைச் சொன்னார். அதை ஏற்கெனவே ஒருவர் எடுத்துவிட்டார் என்றது திரை. இந்த ஊரில் என்னை விட்டால் அபுண்டியோ யார், அவனை வரச் சொல் என்று எழுந்து நின்றுவிட்டார். சமாதானம் செய்து உட்கார வைத்தால், புலி என்று போடச் சொன்னார். புலியும் போயிருந்தது. பின்னால் நானூறு சொச்சம் என்று எண் சேர்த்துக்கொண்டால் தருவதாகத் திரை சொன்னது. நானூறு புலிகளுக்குப் பின்னால் வரிசையில் நிற்பது என்ன புலி?

அப்போதுதான் ஹெர்மிலியோவுக்கு அந்தக் கேள்வி தோன்றியது. சின்ன வயதில் உங்கள் அம்மா என்ன சொல்லித் திட்டுவார்கள் என்று கேட்டார். அபுண்டியோ இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு, குனிந்து, காதோடு காதாகச் சொன்னார். ஹெர்மிலியோ தட்டினார்: எலும்பைக்கூட_விடாதவன். கம்ப்யூட்டர் மறுபேச்சு பேசாமல் ஏற்றுக்கொண்டது.

அபுண்டியோ வெளியே ஓடினார். போனவர் திரும்ப மாட்டார் என்றுதான் ஹெர்மிலியோ நினைத்தார். ஆனால் அவர் ஒரு கையில் பன்றி வறுவல் தட்டும் மறுகையில் பீரும் பையில் வண்ணக் காகிதத் துகளுமாக வந்தார். பேர் வச்சவர் ஞானத்தகப்பன், அவ்வளவுதான் என்றார். காகிதத் துகளை ஹெர்மிலியோவின் தலையில் கொட்டினார், வறுவலை அவர் வாயில் திணித்தார், பீரைக் கம்ப்யூட்டருக்கு அபிஷேகம் செய்தார். கீபோர்டு அந்த நிமிடமே உயிரை விட்டது. அதற்குப் பிறகு பீர் வயிற்றுக்கு, காகிதத் துகள் கம்ப்யூட்டருக்கு என்று முறை மாறியது.

அபுண்டியோ சொன்னால் சந்தையே கேட்கும். ஒரு மாதத்தில் கடை வாசலில் வரிசை நின்றது. மனிதர்களைத் தங்களுக்குத் தாங்களே பெயர் வைக்கச் சொன்னால் பொய்தான் சொல்வார்கள் என்பதை ஹெர்மிலியோ அந்த வரிசையில்தான் கற்றார். பெண்கள் எல்லாம் தேவதை, இளவரசி. ஆண்கள் எல்லாம் ராஜா, சிங்கம், கடைசி வீரன். உலகத்தில் இத்தனை தேவதைகள் குடியிருந்தும் எங்கள் ஏரிக்குப் போகிற சாலை ஏன் இப்படிக் குண்டும் குழியுமாகக் கிடக்கிறதோ தெரியவில்லை. ஆனால் அம்மாவின் திட்டு அப்படி இல்லை. அது அந்த ஒரு பிள்ளைக்கென்றே அளவெடுத்துத் தைத்தது. அதை வேறு யாரும் எடுத்திருக்க மாட்டார்கள்.

ஆகவே பள்ளிக்கூடமே நடுங்குகிற கணக்கு வாத்தியார் சூப்பை_ஊதிக்கொண்டே_இருப்பவன் ஆனார். போலீஸ்காரர் கோழிக்குப்_பயந்தவன் ஆனார். மருந்துக்கடை அம்மாள் கதவைச்_சாத்தாதவள். பாதிரியார்கூட ஒரு மத்தியானம் பின்வாசல் வழியாக வந்து, வெட்கப்பட்டுக்கொண்டே திருட்டு_பீச்பழம் என்று பெயர் வாங்கிப் போனார். அந்தப் பெயரிலிருந்து ஆயர் இல்லத்துக்கு மடல் போயிற்று. மரியாதையாகவே பதிலும் வந்தது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விருந்து. ஹெர்மிலியோ கினிப்பன்றி வறுவலிலும் சோளக் கள்ளிலும் மிதந்தார். பெல்ட்டில் ஆணி வைத்துப் புது ஓட்டை போட்டார். இவ்வளவு பேருக்குத் தகப்பனாக இருப்பதில் அவருக்கு வெட்கங்கெட்ட சந்தோஷம்.

எல்லாம் எடெல்மிரா ஓரே வந்து உட்காரும் வரைக்கும்தான்.

எடெல்மிரா சந்தையில் டிரவுட் மீன் விற்கிறவள். பாக்கா ஏரிக்கரையில் அம்மா சபீனாவோடு இருந்தாள். முப்பத்தைந்தைத் தொடப் போகிறாள். இடுப்பில் கத்தி, வாயில் அதைவிடக் கூரான ஒன்று. அவளிடம் பேரம் பேசியவர்கள் மீனையும் வாங்கி, நாலு வார்த்தையும் வாங்கிக்கொண்டுதான் போவார்கள். ஹெர்மிலியோ இரண்டு வருடமாக, சந்தை கூடும் ஒவ்வொரு ஞாயிறும் அவளிடம் மீன் வாங்கினார். அவருக்கு மீன் பிடிக்காது. வாசனையே ஆகாது. வாங்கிய மீனைத் தெருப்பூனைகளுக்குப் போட்டுவிட்டு, அவள் மீதிச் சில்லறை வைத்த தன் கையை மட்டும் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோவார். சொல்லியிருக்கலாம். பாதி ஊருக்குப் பேர் வைத்த வாய் அவள் முன்னால் மட்டும் ஒரு கிலோ, ஒரு கிலோ என்பதைத் தவிர எதையும் சொல்லவில்லை.

அவளுடைய அக்கா மிலானில் ஒரு வீட்டில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அவளுக்கு எழுத ஐடி வேண்டும் என்று ஒரு ஞாயிறு மத்தியானம், ஏப்ரனைக்கூடக் கழற்றாமல், எடெல்மிரா கடைக்குள் வந்தாள். சந்தைக்காரர்கள் அபுண்டியோ தலைமையில் பின்னாலேயே வந்தார்கள். அவள் முடி ஹெர்மிலியோவின் தோளில் படும் தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். வழக்கமான கேள்வியைக் கேட்டார். அவள் சிரித்தாள். நீ விலை சொல்லி முடிப்பதற்குள் மீன் ஏரிக்கே திரும்பிப் போய்விடும் என்று அம்மா திட்டுவாள் என்றாள்.

ஏரிக்குத்_திரும்பும்_மீன் என்று தட்டினார் ஹெர்மிலியோ. அவர் வைத்ததிலேயே அழகான பெயர் அதுதான். திரையில் அந்த எழுத்துகளைப் பார்த்து அவருக்கே கண் கலங்கியது. எண்டரைத் தட்டினார். தலையில் காகிதத் துகள் கொட்டியது. அபுண்டியோ இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிப்பிடித்தார்.

"நல்ல மகள் கிடைச்சிருக்கா உனக்கு" என்றார். "எடெல்மிரா, அப்பாவைக் கும்பிட்டுக்கோ."

அப்போதுதான் ஹெர்மிலியோவுக்கு உறைத்தது. எங்கள் பக்கத்தில் ஞானத்தகப்பன் ஞானமகளைக் கட்ட முடியாது. கட்டினால் என்ன ஆகும் என்பது பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்: இரண்டு பேரும் லாமா மிருகத்தின் நீளக் கழுத்தும் மனித முகமுமாக மாறி, மலைச்சரிவில் கத்திக்கொண்டு திரிவார்கள். கர்காச்சா என்று அதற்குப் பெயர். அப்படி ஆனவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை. ஆனால் பார்த்தவர்களைப் பார்த்தவர்கள் ஊரில் நிறையப் பேர். இரண்டு வருடமாகக் காத்திருந்து, தன் கையால், தன் சொந்தக் கீபோர்டில், தன் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டார் மனுஷன்.

எடெல்மிரா எழுந்தாள். அவள் முகத்தில் என்ன இருந்தது என்று அவருக்குப் புரியவில்லை. "வர்றேன், ஞானப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அந்த ஒரு சொல்லை அவர் ஒரு வாரம் மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு அவர் யாருக்கும் பெயர் வைக்கவில்லை. கை வலி என்றார், கரண்ட் இல்லை என்றார். மீன் வாங்கப் போனால் எடெல்மிரா காசு வாங்க மறுத்தாள். ஞானப்பாவிடம் காசு வாங்குவது முறையில்லையாம். அதைவிட அவள் கத்தியை எடுத்திருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். விருந்துகளுக்குப் போய்த் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெல்ட் பழைய ஓட்டைக்குத் திரும்பியது.

இரண்டு மாதம் இப்படி ஓடியது. பிறகு பக்கத்து ஊரான தார்மாவிலிருந்து அனிசெட்டோ வந்தார். சொந்த லாரி, நல்ல மனுஷன், குடி அளவோடு. ஏரியிலிருந்து மீனை லிமாவுக்கு ஏற்றிப் போகிறவர். எடெல்மிராவைப் பெண் கேட்டு சபீனாவிடம் போனார். சபீனாவுக்கு லாரி பிடித்திருந்தது. முறைப்படி ஞானத்தகப்பனையும் வைத்துப் பேசிவிடலாம் என்று, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லி ஹெர்மிலியோவுக்கு ஆள் அனுப்பினாள்.

போகாமல் இருக்க முடியாது. போனார். ஏரிக்கரை வீட்டில் அனிசெட்டோ பூங்கொத்தும் கரும்புச் சாராயப் பாட்டிலுமாகப் புதுத் தொப்பியில் உட்கார்ந்திருந்தார். அபுண்டியோ சாட்சிக்கு வந்திருந்தார், சாப்பாட்டுக்கும்தான். எடெல்மிரா கதவோரம் நின்றாள். பெண்ணைத் தருகிறேன் என்று ஞானத்தகப்பன் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அது ஒன்றுதான் பாக்கி என்றாள் சபீனா.

மூழ்குகிறவன் எதையாவது பிடிப்பான் அல்லவா. ஹெர்மிலியோ அனிசெட்டோவைப் பார்த்து, இருப்பதிலேயே அன்பான குரலில் பேசினார்.

"உங்களுக்கு மெயில் ஐடி இருக்கா?"

"இல்லீங்க."

"ஒண்ணு போட்டுரலாமே. இப்பவே போவோம். காசெல்லாம் வேண்டாம்."

"எனக்கெதுக்குங்க அது? லாரிக்கு ஹாரன் இருக்கு, அது போதும்."

அபுண்டியோ வாயிலிருந்த கோழிக்காலை வெளியே எடுத்தார். "டேய், அவனையும் உன் புள்ளையாக்கி ரெண்டு பேரையும் அண்ணன் தங்கச்சி ஆக்கப் பாக்கறியா?" என்றார். பிறகு ஹெர்மிலியோவின் முகத்தைப் பார்த்தார். பார்த்தவர் கோழிக்காலை மெல்லத் தட்டில் வைத்துவிட்டார்.

ஹெர்மிலியோ எழுந்து நின்றார்.

"என்னால தர முடியாது" என்றார்.

ஏன் என்று சபீனா கேட்டாள்.

"என்னைக் குடுக்கிற இடத்துல உக்கார வச்சிருக்கீங்க. எனக்குக் கேக்கிற இடத்துல உக்காரணும். ரெண்டு வருஷமா."

சபீனா சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு ஏச ஆரம்பித்தாள். நீண்ட கழுத்து, கத்தல், பரம்பரைக்கே பாவம் என்று கர்காச்சாவின் அங்க லட்சணம் ஒன்று விடாமல் வந்தது. அனிசெட்டோ தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். ஹெர்மிலியோவுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. சொல்லிவிட்டோம் என்ற ஒன்றே தலைக்குள் மத்தாப்பு கொளுத்திக்கொண்டிருந்தது. இனி மிருகமாகப் போனாலும் போகட்டும்.

எடெல்மிரா கதவோரத்திலிருந்து முன்னால் வந்தாள்.

"அந்தப் பேரை நான் தொடவே இல்லம்மா" என்றாள். "அன்னைக்கு எழுந்து வந்ததோட சரி. அக்கா மிலான்லேருந்து போன் பண்ணித் திட்டுறா, ஏன்டி ஒரு வரி எழுத மாட்டேங்கறேன்னு. எழுதினா இவர் எனக்கு அப்பா ஆயிடுவாரே. அப்பா ஒருத்தர் எனக்குப் போதும், அவரே போய்ச் சேந்துட்டார்."

ஹெர்மிலியோ நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். தொடவே இல்லையா என்று கேட்டார். ஒரு தடவைகூட இல்லை என்றாள். அவர் சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியாமல் சிரித்தார். அந்த இலவச மெயில்காரர்கள் ஒரு மாதம் திறக்காத ஐடியை அழித்துவிடுவார்கள். அதற்காக எத்தனை வாடிக்கையாளர்கள் அவர் சட்டையைப் பிடித்திருக்கிறார்கள். வாங்க கடைக்கு, எல்லாரும் வாங்க என்றார்.

அனிசெட்டோவின் லாரியிலேயே போனார்கள். வேறு வண்டி இல்லை. பின்பக்கம் மீன் கூடைகளுக்கு நடுவில், சாராயப் பாட்டிலை விடாமல் பிடித்துக்கொண்டு, அபுண்டியோ. லாரி குழியில் விழும்போதெல்லாம் சபீனா ஒரு புனிதரின் பெயரைச் சொன்னாள். ஊருக்குள் நுழையும்போதே சந்தையில் பாதி லாரியின் பின்னால் ஓடி வந்தது. கடையைத் திறந்து, கம்ப்யூட்டரைப் போட்டு, அது கனைத்துச் செருமி எழும் வரைக்கும் யாரும் மூச்சு விடவில்லை. ஹெர்மிலியோ பெயரைத் தட்டினார். அப்படி ஒருவர் இல்லை என்றது திரை. அதை முத்தமிடப் போனவரை அபுண்டியோ சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

உடனே வழக்கு தொடங்கியது. பேர் போனால் என்ன, உறவு போகுமா என்றாள் சபீனா. கூரை விழுந்த பிறகு அந்த வீட்டுக்குக் கூரைத் தகப்பன் என்று யாராவது உண்டா என்று கேட்டார் அபுண்டியோ. ஞானஸ்நானத் தண்ணீர் காய்ந்தாலும் ஞானஸ்நானம் போகாது என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அங்கே கொட்டியது தண்ணீரில்லை, காகிதம். கூட்டித் தெருவில் தள்ளியாயிற்று என்றது இன்னொரு குரல். கூட்டத்தில் நின்ற திருட்டு_பீச்பழத்தை எல்லோரும் பார்த்தார்கள். பாதிரியார் தொண்டையைச் செருமி, இதைப் பற்றித் திருச்சபை இதுவரை எதுவும் சொல்லவில்லை என்றார். அதை எங்கள் ஊர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது.

சபீனா கடைசியாக ஒரு நிபந்தனை போட்டாள். மகளுக்குப் புது ஐடி போட வேண்டும், இந்த ஆள் அதன் பக்கமே வரக்கூடாது. பார்க்கக்கூடாது, கேட்கக்கூடாது. ஒரு எழுத்து அவர் காதில் விழுந்தாலும் பழைய கதைதான்.

"வெளியே போய் நில்லுங்க" என்றாள் எடெல்மிரா. "நான் கூப்பிடற வரைக்கும் உள்ள எட்டிப் பாக்கக் கூடாது."

தன் கடையிலிருந்து தானே வெளியேற்றப்பட்டு ஹெர்மிலியோ தெருவில் நின்றார். சரியாக அந்த நேரம் பார்த்து ஆலங்கட்டி மழை பிடித்தது. காதைப் பொத்திக்கொள்வதா தலையைப் பொத்திக்கொள்வதா என்று தெரியாமல், சொன்ன சொல்லைக் காப்பாற்றக் காதையே பொத்திக்கொண்டார். நெற்றியில் கல்லாக விழுந்தது. உள்ளே எடெல்மிரா ஒரே விரலால் தட்டினாள். ஒவ்வொரு எழுத்துக்கும் கூட்டம் ஓ என்றது. முடித்ததும் யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். சபீனா முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாளாம்.

எண்டர் மட்டும் பாக்கி. எடெல்மிரா அதைத் தட்டவில்லை. திரும்பி அனிசெட்டோவைப் பார்த்தாள்.

"இதை நீங்க தட்டறீங்களா?" என்றாள்.

பேர் வைப்பது என்பதே அந்த எண்டரைத் தட்டுவதுதான்; தட்டுகிறவர் ஞானத்தகப்பன். அது அனிசெட்டோவுக்குத் தெரியும். ஐடி இல்லாதவரே தவிர ஊர் முறை தெரியாதவர் அல்ல. திரையில் இருந்த பெயரை ஒருமுறை வாசித்தார். அவளை ஒருமுறை பார்த்தார். அவருக்கு வலித்தது, அது எல்லோருக்கும் தெரிந்தது. பிறகு, லாரிச் சக்கரத்தைப் பிடித்துப் பிடித்துத் தடித்துப்போன விரலால், எண்டரைத் தட்டினார். காகிதத் துகள் அவர் புதுத் தொப்பியில் கொட்டியது.

"உள்ள கூப்பிடுங்க அந்த ஆளை" என்றார். "எம் பொண்ணை யாராவது முறையா வந்து கேக்கணும்ல."

ஹெர்மிலியோ நனைந்த கோழியாக உள்ளே வந்தார். திரையில் துணி போட்டு மூடியிருந்தார்கள். அனிசெட்டோ கொண்டுவந்த பாட்டிலையே அபுண்டியோ அவர் கையில் திணித்தார். ஹெர்மிலியோ அதை அனிசெட்டோவுக்கு ஊற்றிக் கொடுத்து, எல்லோர் முன்னாலும், வாய் குழறாமல், எடெல்மிராவைக் கேட்டார். அனிசெட்டோ ஒரே மடக்கில் குடித்தார். தந்தேன் என்றார். பிறகு, மீன் கூடைகள் நனைகின்றன என்று சொல்லிவிட்டு வேகமாக வெளியே போனார்.

கல்யாணம் முடிந்து வருடங்கள் ஆகிவிட்டன. ஹெர்மிலியோ மறுபடியும் ஊருக்குப் பெயர் வைக்கிறார், மறுபடியும் பெல்ட் திணறுகிறது. எடெல்மிராவின் ஐடி ஹவுஹா முழுவதற்கும் தெரியும், மிலானில் பாதிப் பேருக்குத் தெரியும். அவளைத் தெருவில் பார்த்தால் சிலர் அந்தப் பெயரை முணுமுணுத்துவிட்டு அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவருக்கு மட்டும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் அக்காவுக்கு எழுத உட்காரும்போது அவர் எழுந்து சுவரைப் பார்த்து நின்றுகொள்கிறார். கடை அவருடையது, கம்ப்யூட்டர் அவருடையது, பார்க்க நினைத்தால் ஒரு நிமிட வேலை. பார்த்ததில்லை. அவ்வளவு கஷ்டப்பட்டுக் கிடைத்தவளுக்கு மறுபடி அப்பனாகிவிடுவோமோ என்ற பயம் அவருக்கு இன்றுவரை போகவில்லை.